பழைய பென்ஸ் வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு: முதலில் பத்திரத்தைப் பாருங்கள், பிறகு உடலைப் பாருங்கள்

கோலாலம்பூரில் பழைய ஐரோப்பியச் சொகுசுக் கார்களின் மேல் ஆசை வைத்திருக்கும் நம்மவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சிறு வயதில் தோட்டத்துப் பெரிய துரையோ ஊர் டாக்டரோ ஓட்டிவந்த பென்ஸைத் தள்ளி நின்று பார்த்தவர்கள், இன்று கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதே வண்டியைத் தேடிப் புறப்படுகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. அந்தக் கார்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை. ஆனால் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் போனட்டைத் திறந்து என்ஜினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்ஜினைக் கடைசியில் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். கெட்டுப்போன என்ஜினைச் சரிசெய்யலாம், முடியாவிட்டால் வேறொன்று வாங்கி வைக்கலாம். துருவேறிய உடலையும் சிக்கலான பதிவையும் அப்படி மாற்றிவிட முடியாது.

இதை நான் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் முதலில் வாங்கிய பழைய வண்டி 1983ஆம் ஆண்டின் பென்ஸ் 280ஈ. பினாங்கில் தஞ்சோங் தோக்கோங் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வீட்டு வாசலில் அது நின்றது. புதிதாகச் சாயம் அடித்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் தையல் இயந்திரம் போல ஓடியது. பன்னிரண்டாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு அன்றே நெடுஞ்சாலையில் ஓட்டி வந்தேன். அக்டோபர் மழை தொடங்கியதும் ஓட்டுநர் பக்கத்துக் காலடி விரிப்பு ஈரமானது. எவ்வளவு காயவைத்தாலும் மறுநாள் மீண்டும் ஈரமாகவே இருந்தது.

செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். இளம் வயதில் அங்கிருந்த ரயில்வே பட்டறையில் ஒட்டுவேலை கற்றவர் அவர். எதுவும் பேசாமல் விரிப்பைச் சுருட்டி எடுத்தார். கீழே தார் பூசிய தரை கெட்டியாகத்தான் தெரிந்தது. திருப்புளியின் கைப்பிடியால் அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். டண் டண் என்ற ஓசை ஓரிடத்தில் சொத்தென்று மங்கியது. அங்கே திருப்புளியைத் திருப்பி முனையால் மெல்ல அழுத்தினார். அது தாரைத் துளைத்து, அதன் கீழ் ரிவெட் அடித்து வைத்திருந்த மெல்லிய தகரத்தை ஒதுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. கருவியை வெளியே இழுத்ததும் அந்த ஓட்டை வழியே பட்டறைத் தரையில் இருந்த எண்ணெய்க் கறை தெரிந்தது. "தம்பி, என்ஜினுக்கு நான் இருக்கேன். இதுக்கு யாரு இருக்கா?" என்றார். தரை, பக்கச் சட்டங்கள், ஜாக் வைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் ஒட்டி முடிப்பதற்குள், வண்டி வாங்கிய விலையைவிட அதிகமாகச் செலவாகிவிட்டது.

எந்த வண்டியைத் தேடுவது

முதல் முறை இறங்குகிறவர்கள் இங்கே நிறைய ஓடிய வண்டியையே தேர்ந்தெடுப்பது நல்லது. நிறைய ஓடியதென்றால் உதிரிப் பாகமும் நிறைய இருக்கும், கைபட்டுப் பழகிய ஃபோர்மேன்களும், அதாவது பட்டறை மெக்கானிக்குகளும், இருப்பார்கள். என் கணக்கில் முதலிடம் பென்ஸ் டபிள்யூ123 வரிசைக்கு. 1976 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகளில் 26 இலட்சத்துக்கும் மேல் உலகெங்கும் விற்ற வண்டி அது. அதற்கு அடுத்து வந்த டபிள்யூ124, 1984 முதல் 1990களின் நடுப்பகுதி வரை வந்தது. ஓட்டுவதற்கு இன்றைய கார்களோடு ஒட்டி வரும். வால்வோ 240ஐயும் தயங்காமல் சொல்வேன். வால்வோ கார்கள் 1960களின் இறுதியிலிருந்தே ஷா ஆலத்தில் பொருத்தப்பட்டு வருவதால் அவற்றின் குணம் தெரிந்த பழைய கைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன.

ஜாகுவார் எக்ஸ்ஜே6 அழகில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதன் பின்சக்கர பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அந்தச் சூட்டில் எண்ணெய்த் தடுப்பு ரப்பர்கள் வெந்து, எண்ணெய் பிரேக் தட்டில் வடியும். அதை முறையாகச் சரிசெய்ய பின்பக்கச் சட்டம் முழுவதையும் கீழே இறக்க வேண்டியிருக்கும். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவின் பிரேக்கும் பின்புற உயரச் சமன்பாடும் சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற உயரழுத்த எண்ணெய் அமைப்பில் இயங்குகின்றன. அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. வேறு எண்ணெயை யாராவது ஊற்றியிருந்தால் அந்த அமைப்பு பாழாகும். இவ்விரண்டையும் இரண்டாவது அல்லது மூன்றாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை வரியை வாங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள காருக்கு என்ஜின் கொள்ளளவே அளவுகோல். 2,000 சிசியிலிருந்து 2,500 வரை 380 வெள்ளியோடு, 2,000ஐத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. 2,500க்கு மேல் 880 வெள்ளியோடு சிசிக்கு இரண்டரை வெள்ளி. 3,000ஐத் தாண்டினால் 2,130 வெள்ளியோடு சிசிக்கு நாலரை வெள்ளி. ஆகவே 2,299 சிசி கொண்ட டபிள்யூ123 230ஈக்கு ஆண்டுக்கு 679 வெள்ளி கட்ட வேண்டும், 2,746 சிசி கொண்ட என் 280ஈக்கு 1,495 வெள்ளி. 4.2 லிட்டர் ஜாகுவாருக்கு 7,600 வெள்ளிக்கு மேல் போகும். ஆறே முக்கால் லிட்டர் ரோல்ஸ் ராய்ஸுக்குப் பத்தொன்பதாயிரம் வெள்ளி. பெரிய என்ஜின் கொண்ட வண்டிகள் சில சமயம் வியப்பூட்டும் அளவுக்கு மலிவாக விலைக்கு வருவதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம். விற்கிறவர் அந்தச் சுமையை உங்கள் தோளுக்கு மாற்றுகிறார்.

பத்திரம்

வண்டியை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே பதிவுப் பத்திரத்தை, நாம் கிராண்ட் என்று சொல்கிறோமே அதை, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரைத் தேடிப் பெட்ரோல் செலவு செய்ய வேண்டாம். அதிலிருக்கும் உரிமையாளர் பெயரும் உங்களோடு பேசுகிறவர் பெயரும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் 'அப்பா வண்டி', 'தாத்தா வண்டி' என்றுதான் வருகின்றன. உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் சொத்து நிர்வாகத்துக்கான அதிகாரப் பத்திரம் எடுத்த வாரிசுதான் விற்க முடியும். குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்து நால்வர் கையெழுத்துப் போட்டு ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஒரு தகரப் பெட்டிதான் மிஞ்சும். "முதலில் எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணே, பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற வார்த்தை எவ்வளவு அன்பாக வந்தாலும் அதை ஏற்காதீர்கள். பெயர் மாறும் நாளில்தான் மீதிப் பணம் என்பதில் உறுதியாக இருங்கள்.

உரிமை மாற்றத்துக்கு முன் வண்டி சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். பி5 என்று நாம் சொல்கிற அந்தச் சோதனையில் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். அவர்கள் பார்க்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள். டபிள்யூ123லும் டபிள்யூ124லும் சேசிஸ் எண், என்ஜின் அறையின் பின்சுவரில் தகரத்திலேயே குத்தப்பட்டிருக்கும். ஒரு துணியும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எண்ணைச் சுற்றி ஒட்டுவேலைக் கோடு, அரைத்த தடம், வேறு நிறச் சாயம் எது இருந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிடலாம். என்ஜின் எண்ணையும் அவசியம் பாருங்கள். எரிபொருள் செலவைக் குறைக்கவோ பாகம் எளிதில் கிடைக்கவோ, இந்நாட்டில் பழைய பென்ஸ்களில் ஜப்பானிய ஹாஃப்கட் என்ஜின், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியின் என்ஜின், ஏற்றுவது பல காலமாக நடக்கிறது. மாற்றியவர் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறையாகப் பதிந்திருந்தால் பிரச்சினை இல்லை. பதியாமல் ஓடிய வண்டி சோதனையில் நின்றுவிடும்.

பல ஆண்டுகளாகச் சாலை வரி புதுப்பிக்காமல் மரத்தடியில் கிடந்த வண்டியானால், முன்பணம் கொடுக்கும் முன் பதிவெண்ணை எடுத்துக்கொண்டு இலாகாவின் முகப்புக்குப் போய், இந்த வண்டியின் பதிவு உயிரோடு இருக்கிறதா, சம்மன் நிலுவையோ தடையோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு காலைப் பொழுது செலவாகும். அந்தக் காலைப் பொழுதைச் செலவழிக்காத நண்பர் ஒருவரின் வண்டி, பதிவு உயிர் பெறாமல், அவர் வீட்டு வாசலில் இன்றும் நிற்கிறது.

உடல்

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், சிறு திருப்புளி, பழைய பாய் ஒன்று, பாட்டிலில் தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காலை நேரத்தில், வெயிலில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டி எல்லாச் சாயத்தையும் புதியதாகக் காட்டும். முதலில் பத்தடி தள்ளி மண்டியிட்டு, பக்கவாட்டுத் தகரத்தின் மேல் விழும் பிரதிபலிப்பைப் பாருங்கள். எதிர் வீட்டு வேலியின் கோடு நேராக ஓடுகிறதா, ஓரிடத்தில் வளைந்து அலைகிறதா என்பது பட்டி பூசிய இடத்தைச் சொல்லிவிடும். சந்தேகம் வந்த இடத்தில் காந்தத்தை வையுங்கள். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது.

பிறகு பாயை விரித்து வண்டிக்கு அடியில் பார்வையைச் செலுத்துங்கள். ஜாக்கில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் ஒருபோதும் போக வேண்டாம். வசதியிருந்தால் பக்கத்துப் பட்டறையில் இருபது முப்பது வெள்ளி கொடுத்து லிஃப்டில் ஏற்றச் சொல்லலாம், அதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை. டபிள்யூ123லும் டபிள்யூ124லும் ஜாக் நுழைக்கும் நான்கு குழாய்களைச் சுற்றித்தான் துரு முதலில் கூடுகட்டும். 124இல் அவற்றை பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும், அதைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன் மட்கார்டின் உள்பக்க விளிம்பு, பின்சக்கர வளைவு, கதவுகளின் அடிவிளிம்பு, பின்கண்ணாடியின் கீழ் இரு மூலைகள், பின்பக்கச் சாமான் அறையில் மாற்றுச் சக்கரம் படுக்கும் குழி என ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கரிய தார் பூசியிருந்தால், விற்பதற்காகவே அது பூசப்பட்டது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. நாற்பது வயது வண்டியின் அடியில் மண்ணும் எண்ணெயும் படிந்திருப்பது இயல்பு. அந்த அழுக்கு எனக்கு நிம்மதியைத்தான் தரும்.

நம் ஊர் வண்டிகளுக்கென்று ஒரு தனி நோய் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, போனட்டின் பின்விளிம்பை ஒட்டிக் காற்று நுழையும் ஒரு தொட்டி இருக்கிறது. சாலையோர அங்சானா மரத்தடியில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அதன் பூவும் சருகும் விழுந்து மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தொட்டி நிரம்பி, தண்ணீர் உட்பக்கமாக இறங்கிக் காலடியில் தேங்கும். நீங்கள் கொண்டுபோன தண்ணீரை அங்கே மெதுவாக ஊற்றி, அது சக்கரத்தின் பின்னால் தரையில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கூரைத் திறப்பு உள்ள வண்டியில் அதன் மூலைகளிலும் அவ்வாறே ஊற்ற வேண்டும். கடலோரத்தில், அதாவது பினாங்குத் தீவிலோ போர்ட் கிள்ளானிலோ வாழ்நாள் முழுவதும் நின்ற வண்டியை மேலும் ஒரு மடங்கு கவனத்தோடு பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனிக்கதை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்பதை நாம் மறக்கவில்லை. அப்படி மூழ்கிய வண்டி ஒரு சுத்தமான கழுவலுக்குப் பிறகு கை மாறி கை மாறி வரும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, அதன் அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தின் ஆணிகள், இருக்கைக்கு அடியிலுள்ள கம்பிச் சுருள்கள், பின்விளக்குக் கூட்டின் உட்புறம் ஆகிய இடங்களில் வண்டல் ஒளிந்திருக்கும். வாசனைத் திரவம் தூக்கலாக அடிக்கிற வண்டியில் மூக்கை விரிப்புக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

என்ஜின், கியர், குளிரூட்டி

நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஓட்டவோ சூடேற்றவோ வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் போனட்டின் மேல் கைவைத்துப் பாருங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். முதல் தடவை எழுப்பும்போது நீலப்புகை சிறிது வந்து நின்றுவிட்டால் வால்வுகளின் எண்ணெய்த் தடுப்பு ரப்பர்கள் இறுகிவிட்டன என்று பொருள், பயப்பட வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்துகொண்டிருந்தால் தண்ணீர் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும்போது அடியில் தே தாரிக் நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்த பென்ஸ்களின் முகப்புப் பலகையில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இருக்கிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி நின்று ஓடும்போது அது கொஞ்சம் இறங்கலாம், ஆனால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தவுடன் 3 என்ற உச்சிக்கு ஏறிவிட வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் விலை பேசும்போது அந்தத் தயக்கத்துக்கும் ஒரு தொகை போடுங்கள்.

1992 முதல் 1995 வரை வந்த டபிள்யூ124களில் என்ஜின் வயர்களின் மேலுறை சூட்டில் பொடிந்து உதிர்வது உலகறிந்த குறை. ஒரு வயரை மெல்ல வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முழு வயர்க்கட்டும் மாற்றப்பட்டிருந்தால் பில்லைக் கேளுங்கள். எட்டு சிலிண்டர் எஸ் கிளாஸ் வண்டிகளில் டைமிங் சங்கிலி உரசி ஓடும் பிளாஸ்டிக் தடங்கள் வயதானால் நொறுங்கும். அது நொறுங்கும் நாளில் என்ஜினும் சேர்ந்து போய்விடும் என்பதால், மாற்றிய சான்று இல்லாத வண்டியை வாங்கினால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஆட்டோ கியரில் பின்னோக்கிச் செல்லும் இடத்துக்குத் தள்ளியதும் ஓரிரு நொடிக்குள் வண்டி இழுக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது என்ஜின் வீணாகச் சீறினால் சில சமயம் அது ஒரு வெற்றிடக் குழாயின் கசிவாக மட்டுமே இருக்கும், சில சமயம் பெட்டியே தேய்ந்திருக்கும். கியர் எண்ணெயை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருத்துத் தீய்ந்த நாற்றம் அடித்தால் பெட்டி தேய்ந்திருக்கிறது என்பதுதான் உண்மை.

குளிரூட்டியைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கோலாலம்பூரில் மதியம் ஒரு மணிக்கு ஜாலான் ஈப்போ நெரிசலில் ஏர்கோன் இல்லாமல் நின்ற அனுபவம் உள்ள யாரும் அப்படி விடமாட்டார்கள். டபிள்யூ124இல் ஏர்கோனின் குளிர்க்கூடு முகப்புப் பலகைக்குப் பின்னால் புதைந்திருக்கிறது, அது கசிந்தால் பலகை முழுவதையும் கழற்றியாக வேண்டும். நாற்பது வயது பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது உடையும் துண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "கேஸ் மட்டும் ஏற்றினால் போதும்" என்று விற்கிறவர் சொன்னால், ஏற்றிக் குளிரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஏர்கோனைப் போட்டு நிறுத்தியபடியே என்ஜினை ஓடவிட்டு வெப்பமுள்ளைக் கவனியுங்கள். 80க்கும் 100க்கும் இடையில் நின்றால் நல்லது, 110ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரோ விசிறியின் கிளட்சோ மாற வேண்டும்.

உள்ளே, மரப்பலகைகள், கதவு ஓர ரப்பர்கள், விளக்குக் கண்ணாடிகள், குரோம் பட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பிஸ்டனும் பம்ப்பும் எளிதில் கிடைத்துவிடும். உடைந்த ஒரு குரோம் பட்டைக்காக நான் எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். முழுமையாக இருக்கும் வண்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுப்பதில் தவறே இல்லை. பழைய பிளாபுங்க் வானொலி அசலாக இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில், அன்று பிளாபுங்கின் உரிமையாளராக இருந்த போஷும் ஒன்று, அங்கே செய்த வானொலிகள் உலகம் முழுவதும் போயின. நம் மண்ணிலேயே செய்த பெட்டி ஒரு ஜெர்மன் வண்டிக்குள் பாடுவதைக் கேட்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாங்கிய பிறகு

இவ்வளவு வயதான வண்டிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கையிலிருக்கும் காசுதான். காப்புறுதியிலும் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தரும். வாங்கும் விலைக்குச் சமமான தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் நான் இப்போது எந்த வண்டியையும் பார்க்கவே போகிறேன். அந்தத் தொகை இல்லையென்றால் இன்னும் ஓராண்டு சேர்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

முதல் மாதத்தில் அழகு வேலை எதுவும் வேண்டாம். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள், பழைய வண்டிகள் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அவை. பிரேக் ரப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், எண்ணெயோடு சேர்த்து அவற்றையும் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்கின்றன. தரையைப் பிடிக்கும் பூ, அதாவது மேற்பரப்புப் பள்ளங்கள், நன்றாக இருந்தாலும் பத்து வயதான டயரில் நெடுஞ்சாலை ஏற வேண்டாம். அதன் பிறகு ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய்கள், தெர்மோஸ்டாட். வண்டி நம்பிக்கையோடு ஓடி நிற்கும் நிலைக்கு வந்த பிறகுதான் தகர வேலை.

வண்டியை ஒரேயடியாகப் பிரித்துப் போடாதீர்கள். நான் பார்த்த வரையில், முடியாமல் போன புதுப்பிப்புகளில் பெரும்பாலானவை பிரித்த நிலையில்தான் நின்றுபோயின. ஒரு பகுதியைக் கழற்றினால் அதை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் நாலு கோணத்தில் படமெடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் படம் சொல்வதை நினைவு சொல்லாது.

பாகம் தேடும்போது கடைக்காரரிடம் 'பழைய பென்ஸ் பம்ப்' என்று கேட்காமல் பாக எண்ணைக் கொண்டு போங்கள். பென்ஸின் எண் ஏ என்ற எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கம் வரும். வண்டியின் உடற்பாகங்களில் முதல் மூன்று இலக்கம் பெரும்பாலும் அந்த வரிசையையே குறிக்கும், 123 என்றால் 123தான். கோலாலம்பூரின் சான் சோ லின் சாலையைச் சுற்றியுள்ள கடைகளில் அந்த எண்ணைக் காட்டினால் பேச்சு சுருங்கிவிடும். லெம்ஃபோர்டர், பேர், சாக்ஸ், போஷ் போன்ற பெட்டிகளில் வருபவை ஆலைக்கே பாகம் செய்து கொடுத்தவர்களின் பொருள்கள். வேறெங்கும் கிடைக்காததை ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஃபெல்பாக்கில் பென்ஸ் நிறுவனமே நடத்தும் பழைய கார்களுக்கான மையத்தின் வழியாகத் தருவிக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் பொருந்தும். பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் கிள்ளான் பக்கத்துப் போத்தோங் கடைகளில் கதவு, இருக்கை, கண்ணாடி போன்றவற்றை வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்க வேண்டாம்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே வெளியில் நிற்கும் வண்டிகளின் டயரைப் பாருங்கள். காற்றிறங்கித் தரையோடு ஒட்டிய டயர்கள் நிறைய இருந்தால் உங்கள் வண்டியும் அந்த வரிசையில் சேரும். முழு வேலைக்கும் ஒரே மூச்சில் முன்பணம் கொடுக்காமல், ஒரு பகுதி முடிந்து கண்ணால் பார்த்த பிறகு அடுத்ததற்குக் கொடுங்கள். நல்ல ஃபோர்மேன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வாரம் ஒரு முறை நேரில் போய் நில்லுங்கள். போகும்போது நாலு கோப்பி பொட்டலம் வாங்கிக்கொண்டு போனால் வேலை செய்யும் பையன்களும் உங்கள் வண்டியை நினைவில் வைத்திருப்பார்கள்.

வண்டி நிற்கும் இடம் கூரையுள்ளதாக இருக்க வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், ஓடாத வண்டியை நிறுத்திவைக்க நிர்வாகம் அனுமதிக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது நம் ஈரக் காற்றில் வண்டியை வேகவைப்பதற்குச் சமம். காற்றோடும் துணி உறையே ஏற்றது. வாரம் ஒரு முறையாவது என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டுங்கள். எலி வயரைக் கடிக்கும் என்பதால் காரில் தின்பண்டத் துகள் எதையும் விடாதீர்கள்.

சாயம் கடைசி வேலை. தகர வேலை முடிந்து முதற்பூச்சு அடித்த பிறகு, செந்தூல் பெரியவர் என் வண்டிக்குச் சாயம் அடிக்க மறுத்துவிட்டார். விரிப்புகளையும் இருக்கைகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அக்டோபர், நவம்பர் மழை முழுவதையும் அதன் மேல் பெய்யவிடச் சொன்னார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துப் பார்ப்போம். மூன்று இடங்களில் தாள் நனைந்தது. பின்கண்ணாடி ரப்பரையும், கூரைத் திறப்பின் இடப்பக்க வடிகுழாயையும், வயர்கள் நுழையும் ஒரு ரப்பர் வளையத்தையும் மாற்றினோம். டிசம்பரில் நான்கு கனமழைக்குத் தாள் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் சாயக்காரரைக் கூப்பிட்டார். நீங்களும் அதையே செய்யுங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் அதை இலாகாவில் தெரிவித்து கிராண்டிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் பழைய நிறத்தையே அடித்தேன், அதன் எண் முன்பக்கத் தகட்டிலேயே இருந்தது.